கீப்பர் கைய மடக்கலாமா?

“துரோகியா? யாரப் பாத்து மாமா துரோகின்ற? எங்கப்பா அந்தரத்துல தொங்கிக்கினு கீறாரு. நீ அவரு வவுத்துக்குக் கீழ நெழலா கீதுன்னு சேரப் போட்டுக் குந்திக்கினு டீ குடிக்கிற. இதுல துரோகி நானா? கைய மடக்கிக்கவான்னு ஒரு மனுசன் வாயத் தொறந்து கேட்டாரு, அவ்ளோதான். கிளப்பு கப்ப வித்துத் தின்னுட்டாரா? எதிர் டீம் பனியனப் போட்டுக்கினாரா? கை மாமா, கை! கொசு கடிச்சா நீ சொறிஞ்சிக்கல? அப்போ நீயும் துரோகியா?”

டெல்பின் கத்துனது மைதானம் பூரா கேட்டுச்சு. ஒருத்தரும் திரும்பல. கருவாட்டுமேட்டுல கத்துறவங்களையெல்லாம் திரும்பிப் பாத்தா, ஜென்மத்துக்கும் கழுத்து நேரா நிக்காது.

விஷயம் இதுதான். கருவாட்டுமேடு பிரதர்ஸ் கிளப்போட கோல்கீப்பர் அமலதாஸ், ஒரு பைனல் மேட்ச்ல பெனால்டியத் தடுக்க டைவ் அடிச்சவரு, இன்னும் தரைக்கு வரல. அவரு எம்புனப்போ மக டெல்பின் ரெண்டாங்கிளாஸ். இப்போ காலேஜ்ல ரெண்டாவது வருஷம்.

அதுக்குக் காரணம் அந்த ஊர் மரியாதை. கருவாட்டுமேட்டுல நாலு பேர் ஒரு விஷயத்தப் பத்திப் பேசிக்கினு இருந்தா, அந்தப் பேச்ச முடிச்சு வைக்கிற எதுவும் குறுக்க வராது. பேசி முடிக்கிற வரைக்கும் ஓரமா காத்துக்கினு நிக்கும். ஒருதரம் செமிபைனலுக்கு மழ வருமா வராதான்னு ரெண்டு கோஷ்டி ஆரம்பிச்சாங்க. வந்துக்கினு இருந்த மழ, தென்னமர உசரத்துல அப்படியே நின்னுக்கிச்சு. ஜனங்க அதுக்குக் கீழயே கடைக்குப் போய்ட்டு வந்தாங்க, துணி காயவெச்சாங்க. மேட்ச வேற எடத்துக்கு மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சு பேச்சு அடங்குனப்புறம்தான் மீதி தூரம் எறங்கி வந்து பெஞ்சுது. பந்தும் அப்படித்தான். மனுசங்களவிட மரியாதை தெரிஞ்சது.

அன்னிக்குப் பைனல்ல கடைசி நிமிஷம், கருவாட்டுமேடு ஒரு கோல் முன்னால. எதிர் டீம் தண்டவாளம் ஸ்டார்ஸுக்குப் பெனால்டி. அடிச்சவன் ஹைதர். பந்து அவன் காலவுட்டுக் கெளம்புச்சு, அமலதாஸ் எம்புனாரு. கரெக்டா அந்த நேரம் பாத்து கிளப்பு ரசிகருங்க கன்னியப்பனுக்கும் பொன்னுரங்கத்துக்கும் முட்டிக்கிச்சு. இத தடுத்துட்டா இந்த சீசன்தான் கிளப்போட பெரிய சீசன்னு பொன்னுரங்கம் சொல்லப்போக, “அப்போ தங்கமுத்து மாஸ்டர் சீசன் இன்னா, ஊறுகாயா?”ன்னு கன்னியப்பன் கேக்க, அவ்ளோதான். பந்து நின்னுச்சு. அமலதாஸும் நின்னாரு. படுத்த வாக்குல, ஆள் உசரத்துல, வலது கைய நீட்டிக்கினு.

ரெண்டு சீசனோட லட்சணத்தயும் சொல்லிடணும். பழைய மேனேஜர் தங்கமுத்து மாஸ்டரோட சீசன்ல கிளப்பு ஒரு கோல்கூட வாங்கல. எப்படி வாங்கும்? பதினோரு பேரையும் கோல் போஸ்ட்டுக்குள்ளயே ரேஷன் கடை க்யூ மாதிரி அடுக்கி நிக்க வெச்சாரு. கோல் போடவும் இல்ல. எல்லா மேட்சும் சைபருக்கு சைபர். எதிர் டீமுங்க வெறுத்துப்போய், “நீங்களே வெச்சிக்கோங்க”ன்னு கப்ப மைதானத்துல வெச்சுட்டு பஸ் ஏறிட்டாங்க. இதுக்குப் பேரு தற்காப்பு ஆட்டமாம்.

இந்தப் பைனல் சீசன் எத்திராஜ் சாரோடது. உயிரோட இருந்தப்போ மேனேஜரா ஒரு மேட்ச் ஜெயிச்சதில்ல அவரு. செத்தப்புறம்தான் கமிட்டிக்கு அவரு மேல நம்பிக்கை வந்து மறுபடி மேனேஜரா போட்டாங்க. மால போட்ட படத்த பெஞ்சுல வெப்பாங்க. ஊதுபத்தி பொக எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் அட்டாக். பைனல் வரைக்கும் கொண்டாந்து வுட்டாரு.

நடுவுல கோணக்கால் மாரின்னு ஒரு பிளேயர். மாஸ்டர் சீசனோட கடைசி மேட்ச்ல அவரு அடிச்ச கார்னர், தண்ணி டேங்கச் சுத்தி, ஹார்பர் வரைக்கும் போய்ட்டு, எத்திராஜ் சீசனோட மொத மேட்ச்ல வந்து கோல்ல வுழுந்துச்சு. அந்த கோலு எந்த சீசன் கணக்கு? இந்த ஒரு கேள்வியிலயே ரெண்டு கல்யாணம் நின்னுபோயிருக்கு.

இப்படியே பேச்சு போச்சு. அமலதாஸ் மேலயே இருந்தாரு. டெல்பினோட அம்மா விக்டோரியா ஆரம்பத்துல கால புடிச்சு இழுத்துப் பாத்துச்சு. பேச்சு முடியாத எடத்துல இழுத்து இன்னா பிரயோஜனம்? அப்புறம் ஸ்டூல் ஒண்ணு வாங்குச்சு. சோறு, ஷேவிங், தலைக்கு எண்ண எல்லாம் ஸ்டூல் மேல நின்னுதான். டெல்பின் அவரு நெழல்லயே வாய்ப்பாடு படிச்சா, அவரு நெழல்லயே பிளஸ் டூ பாஸானா. கிறிஸ்மஸ் வந்தா அவரு கால் கட்டவெரல்லதான் ஸ்டார் கட்டுவாங்க. எலெக்ஷன் ஆபீசருங்க இடது கை வெரலுக்கு மை வெக்க வருவாங்க. வலது கைய மட்டும் யாரும் தொட மாட்டாங்க, அவரும் அசைக்க மாட்டாரு. அது கிளப்போட கை. விக்டோரியா டைபாய்டுல தள்ளாடிக்கினு வந்து கீழ நின்னப்பகூட, இடது கைய வளச்சு எடுத்தாந்துதான் நெத்தியத் தொட்டுப் பாத்தாரு.

ரெப்ரீயும் போகல. மேட்ச் முடியாம எப்படிப் போவாரு? சென்டர் சர்க்கிள்ல ஒரு இஸ்திரி வண்டியப் போட்டுக்கினாரு. விசில் எப்பவும் கழுத்துலயே தொங்கும்.

ஹைதர் வெள்ளிக்கெழமையானா பிரியாணியோட வருவாரு. “தாஸ்ண்ணே, நான்தான் சொல்றேன்ல, அன்னிக்கு பயத்துல நேரா உன் நெஞ்சுக்குத்தான் அடிச்சேன். கைய எதுக்கு அங்க நீட்டிக்கினு கெடக்குற?”ன்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவாரு. கன்னியப்பன் கீழ இருந்து, “அடிச்சவனுக்கு இன்னா தெரியும்? பாத்தவன் நாங்க சொல்றோம், கைக்குத்தான் வருது”ம்பாரு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு கோஷ்டியும் ஒத்துமை.

இன்னிக்குக் காலையில டெல்பின் ஸ்டூல் மேல ஏறி இட்லி ஊட்டிக்கினு இருந்தப்போதான் அவரு கேட்டாரு.

“பாப்பா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?”

“கேளுப்பா.”

“கைய கொஞ்சம் மடக்கிக்கவா?”

டெல்பின் அந்தக் கையப் பாத்தா. நரம்பு பொடச்சுக்கினு, க்ளவுசு வெளுத்துப்போய், வெரல் நடுவுல ஒரு சிலந்தி வல.

“வலிக்குதாப்பா?”

“வலின்னு சொல்ல முடியாது. ரசிகருங்க மனசு சங்கடப்படும்னுதான் பாக்குறேன்.”

ரசிகருங்க மனசு! டெல்பினுக்கு மூக்கு நுனி செவந்துபோச்சு. இன்னிக்குக் காலேஜ்ல பரிட்சை. போவல. ஸ்டூலவுட்டு எறங்குறதுக்குள்ள, கீழ குந்திக்கினு இருந்த பொன்னுரங்கம் காதுல வுழுந்து, எத்திராஜ் பேரவைத் தலைவருன்ற தோரணையில அவரு துரோகின்ற வார்த்தைய வுட்டுட்டாரு. அதுக்குத்தான் மேல சொன்ன பதிலு.

சண்ட போட்டா வேலைக்காவாதுன்னு டெல்பினுக்குத் தெரியும். போட்டுட்டுத்தான் தெரிஞ்சிக்கினா. நேரா கார்னர் கொடி பக்கம் போனா. அங்கதான் மாஸ்டர் பேரவை. கன்னியப்பன் பனியன மேல சுருட்டிக்கினு, மாஸ்டர் எப்படி பதினோரு பேர அடுக்குனாருன்னு டீ கிளாஸுங்கள வெச்சு வெளக்கிக்கினு இருந்தாரு.

“கன்னியப்பன் சித்தப்பா, ஒரே ஒரு வார்த்த சொல்லு. எத்திராஜ் சீசன்தான் பெருசுன்னு ஒத்துக்க. எங்கப்பா கீழ எறங்கட்டும்.”

“இன்னா பாப்பா இப்படிக் கேட்டுட்ட?”

“ஒத்துக்கினா உன் வூட்டு ஓடு பறந்துடுமா?”

கன்னியப்பன் மேல பாத்தாரு. அமலதாஸ் சங்கோஜமா சிரிச்சாரு. கன்னியப்பனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கெட்டவரு இல்ல, ரசிகரு, அவ்ளோதான்.

“சரி போ. உங்கப்பனுக்காவ ஒத்துக்கிறேன். எத்திராஜ் சீசன்தான் பெருசு.”

மைதானத்துல சத்தம் அறுந்துச்சு. பந்து ஒரு வெரக்கட முன்னால நகர்ந்துச்சு. டெல்பின் கண்ணால பாத்தா.

ஆனா பொன்னுரங்கத்துக்கு அது சுருக்குன்னு குத்திடுச்சு. சண்ட போடாம ஜெயிச்சா அது பிச்ச வாங்குன மாதிரி. கருவாட்டுமேட்டுல கல்யாண மொய்யக்கூட அடிச்சுப் புடிச்சுத்தான் வாங்குவாங்க. அவரு எழுந்து வேட்டிய மடிச்சுக் கட்டி, நடந்து வந்து, மாஸ்டர் பேரவை பெஞ்சுல குந்திக்கினு, மாஸ்டர் சீசனுக்காவப் பேச ஆரம்பிச்சாரு. அவரு ஆளுங்களும் பின்னாலயே வந்துட்டாங்க. கன்னியப்பனுக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. யாராவது பதில் சொல்லியாவணுமே? அவரு ஆளுங்களோட போய் எத்திராஜ் பேரவை சேர்ல குந்திக்கினாரு. பேனர்ல தலைங்கள மட்டும் மாத்தி ஒட்டுனாங்க. டீகூட ஆறல.

“தூ! நீங்கல்லாம் வெக்கத்த எந்தக் கடையில அடகு வெச்சீங்க?”ன்னு கேட்டா டெல்பின்.

“பாப்பா, கருத்துன்னா மாறும்”னாரு கன்னியப்பன், ஊதுபத்தி கொளுத்திக்கினே. “இப்போ சொல்றேன் கேளு. எத்திராஜ் சார் மாதிரி ஒரு மூள உயிரோட இருக்கறவனுக்கு வராது.”

“அது மட்டும் சரியா சொன்ன. உன்னயே பாத்தா தெரியுது.”

டெல்பின் அப்பாவோட நெழல்ல போய்க் குந்துனா. பந்து ஏன் நகர்ந்துச்சு? தீர்ப்பு கெடச்சதாலயா? தீர்ப்ப இவனுங்க தெனம் பத்து வாட்டி தராங்க. கன்னியப்பன் பேசி முடிச்சதுக்கும் பொன்னுரங்கம் வாயத் தொறந்ததுக்கும் நடுவுல ஒரு இடவெளி இருந்துச்சு. பந்து அந்த இடவெளியிலதான் வந்துச்சு. அதுக்கு வேண்டியது யாரு பெருசுன்றது இல்ல. எல்லாரும் ஒரே நேரத்துல வாய மூடணும்.

கருவாட்டுமேட்ட எப்படி வாய மூட வெக்கிறது? பொணம் தூக்கிக்கினு போறப்பகூட முன்னால புடிச்சவன் மாஸ்டரும்பான், பின்னால புடிச்சவன் எத்திராஜும்பான். பொணம் பாதியில நின்னு எழுந்து குந்திக்கும், நீங்க முடிச்சுட்டு சொல்லுங்கன்ற மாதிரி. பூசையில சாமியாரு மவுனமா ஜெபிக்கச் சொன்னா, கையாலயே பார்மேஷன் போட்டுக் காட்டுவானுங்க.

பதில் தெரிஞ்ச கேள்வியக் கேட்டா பேசுவானுங்க. பதில் தெரியாத கேள்வியக் கேட்டா இன்னும் அதிகமா பேசுவானுங்க. தெரிஞ்சிருக்கணும்னு அவனுங்களுக்கே தோணுற கேள்வி ஒண்ணு வேணும்.

டெல்பின் அப்பாவ அண்ணாந்து பாத்தா.

“யப்பா, இவங்கல்லாம் உன்ன இன்னான்னு கூப்புடுறாங்க?”

“கீப்பருன்னு.”

“எல்லாருமா?”

“வேற எப்படிக் கூப்புடுவாங்க? நான்தானே கீப்பரு.”

“ஹைதர் அங்கிள் மட்டும் தாஸ்ண்ணேம்பாரு.”

“அவன் எதிர் டீமுல்ல. அவனுக்கு எங்க முறை தெரியாது.”

கேலரி முன்னால ஒரு மைக்கு இருக்கும். மேட்சுக்கு கமென்ட்ரி சொல்ல வெச்சது, அப்புறம் பேச்சுக்குன்னே ஆயிடுச்சு. ஸ்பீக்கரு ரெண்டும் கோல் போஸ்ட்டுலயே கட்டியிருக்கும், பாவம் அமலதாஸ் காதுக்கு நேரா. ஒருத்தன் கோணக்கால் மாரி கோலப் பத்தி உருகிக்கினு இருந்தான். டெல்பின் போய் மைக்கப் புடுங்குனா.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. மாஸ்டரப் பத்தித் தெரியும் உங்களுக்கு. அவரு எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாருன்னு தெரியும். எத்திராஜ் சார் படத்துக்கு எந்தக் கடையில சட்டம் போட்டாங்கன்னு தெரியும். மாரி ஷூ நம்பர் தெரியும். இத்தினி வருஷமா உங்க தலைக்கு மேல ஒருத்தரு கைய நீட்டிக்கினு கெடக்குறாரே, உங்க பெரிய சீசனே அவரு கையிலதானே கீது? அவரு பேரு இன்னா?”

கேட்டுட்டு அவளும் வாய மூடிக்கினா. அதுதான் இன்னிக்கு நடந்ததுலயே கஷ்டமான வேல.

கேலரி அமைதியாச்சு. கார்னர் கொடி பக்கம் அமைதியாச்சு. கன்னியப்பன் உதட்டக் கடிச்சுக்கினு வானத்தப் பாத்தாரு. அவரு ஆளுங்களும் வானத்தப் பாத்தாங்க. பேரு அங்க எங்கயாவது எழுதியிருக்குமோன்ற மாதிரி மைதானமே மேல பாத்துச்சு. அமலதாஸ மட்டும் யாரும் பாக்கல. அவரப் பாத்தா மொகத்துக்கு நேரா தெரியலன்னு சொல்ற மாதிரி ஆயிடும்ல.

பந்து கெளம்புச்சு.

டெல்பினால பேச முடியாது. பேசினா நின்னுடும். “மடக்குப்பா”ன்னு தொண்ட வரைக்கும் வந்த வார்த்தய முழுங்கிட்டு, தன்னோட வலது கைய அவருக்குத் தெரியற மாதிரி நீட்டி, முழங்கையில மடக்கி, நெஞ்சோட சேத்துக் காட்டுனா. அமலதாஸ் மகளப் பாத்தாரு. ரசிகருங்களப் பாத்தாரு. எல்லாரும் வானத்தப் பாத்துக்கினு இருந்தாங்க. கைய மடக்குனாரு. காஞ்ச மட்ட முறியற மாதிரி சத்தம் வந்துச்சு. சிலந்தி எறங்கி வேற எடத்துக்குப் போச்சு.

கை நீட்டியிருந்த எடத்துக்குப் பந்து வரவே இல்ல. ஹைதர் சொன்ன மாதிரியே நேரா நெஞ்சுக்கு வந்துச்சு. மடக்குன கைக்குள்ள, கொழந்தய வாங்குற மாதிரி வாங்கிக்கினாரு. அப்படியே பொத்துனு மண்ணுல வுழுந்தாரு. இஸ்திரி பொட்டிய ஓரமா நிமித்தி வெச்சுட்டு ரெப்ரீ விசில் ஊதுனாரு. மேட்ச் முடிஞ்சுது. கருவாட்டுமேடு பிரதர்ஸ் பைனல் ஜெயிச்சுட்டாங்க. ரசிகருங்கள்ல ஒருத்தரும் பாக்கல.

“அருள்தாஸ்!”னு கேலரியில இருந்து மொத கொரலு வந்துச்சு.

“போடா, அமல்ராஜ்டா. எங்க மச்சான் கூடப் படிச்சவரு.”

“படிச்சவனா, அந்தாளு எங்கடா படிச்சாரு? அது அந்தோணிதாஸ்!”

ஆரம்பிச்சுட்டாங்க. இந்தப் பக்கம் அருள்தாஸ் பேரவை, அந்தப் பக்கம் அமல்ராஜ் பேரவை. பேனர்க்காரன் ஏணியோட வந்துட்டான். பொன்னுரங்கத்துக்கு மட்டும் மானம் போச்சு. பேச்ச இதோட நிறுத்திடணும்னு அவரு ஓடியாந்து, டெல்பின் கையில இருந்த மைக்கப் புடுங்க ஒரே எம்பா எம்புனாரு.

நின்னுட்டாரு. ஆள் உசரத்துல, வேட்டி பறந்தபடி, ரெண்டு கையும் நீட்டி, வாய் தொறந்தபடி.

அமலதாஸ் மண்ணத் தட்டிக்கினு எழுந்தாரு. கைய மடக்குனாரு, நீட்டுனாரு, மறுபடி மடக்குனாரு. பந்த கக்கத்துல வெச்சுக்கினு, “வூடு அதே தெருவுலதானே பாப்பா?”ன்னு கேட்டுட்டு நடந்தாரு. வழியில ரெண்டு பேர் அவர நிறுத்தி, கீப்பரு பேரு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னாரு. உனக்கு இன்னா தெரியும்னு சொல்லி வழிய வுட்டாங்க.

பொன்னுரங்கத்தோட சம்சாரம் டிபன் கேரியரோட வந்துச்சு. மேல பாத்துச்சு.

“டெல்பின், உங்கூட்டு ஸ்டூல குடுக்கறியா? உங்களுக்கு இனிமே வேணாம்ல?”

“எடுத்துக்கோ அத்த. ஒரு கால் ஆடும், கல்லு வெச்சுக்கணும். ஊட்டறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் குடு.”

டெல்பின் ஸ்டூலப் போட்டு ஏறுனா. மைக்கத் தொடச்சா. பொன்னுரங்கம் தொறந்து வெச்ச வாய்க்கு நேரா புடிச்சா.

“காலையில துரோகின்னியே மாமா, அப்போ நல்லா வந்துச்சே வாயி! அத்த வந்திருக்கு, ரெப்ரீ கீறாரு, ஊரே கேட்டுக்கினு கீது, ரெண்டு ஸ்பீக்கரும் ஆன்லதான் கீது. எனக்குப் பரிட்சை போச்சு, இனிமே இன்னா அவசரம்? நான் இங்கயே நிக்கிறேன். எல்லாரு முன்னாலயும், மைக்குல, சத்தமா சொல்லு. எங்கப்பா பேரு இன்னா?”